ஒரே மாதம், இரண்டு அடுப்படிகள்

சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினால் அடிவாரம் வரை ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது அதே கம்பி ஆறியிருக்கும். இருபதாவது வளைவு முடிந்து ஏரி கண்ணில் படும்போது, மடியில் தூங்கும் குழந்தையின் காதை முந்தானையால் மூடத் தோன்றும். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் நான்கு புறமும் மலைகள் சூழ, 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிண்ணத்தின் அடி போலக் கிடக்கும் ஊரிலிருந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

நான் பிறந்தது அம்மாப்பேட்டையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில். வாழ்க்கைப்பட்டது ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம், காப்பிச் செடிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டில். கணவரின் வேலை காரணமாகப் பிறகு ஊருக்கே திரும்பி வந்துவிட்டாலும், 27 ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது இந்த வளைவுகளில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். உணவைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டவை அனைத்தும் இந்த இரண்டு வீடுகளின் அடுப்படிகளிலிருந்து வந்தவை. இரண்டிலும் நாட்காட்டி ஒன்றே. ஆனால் அடுப்பில் இருப்பது ஒன்றாக இருந்ததில்லை.

திருமணமான முதல் ஐப்பசியில் நான் செய்த தவறு இன்னும் நினைவில் இருக்கிறது. பிறந்த வீட்டுப் பழக்கத்தில், காலையில் எழுந்தவுடன் பழைய சோற்று நீராகாரத்தில் மோர் கலந்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, எல்லோருக்கும் ஊற்றி வைத்தேன். வெளியே மூடுபனியில் பத்தடி தூரத்தில் நின்ற பலா மரமே தெரியவில்லை. அத்தை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுப்பில் மிளகு ரசத்தைக் கொதிக்க வைத்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, "அது கீழ குடிக்கறது கண்ணு, இது மேல குடிக்கறது" என்று மட்டும் சொன்னார். சித்த மருத்துவம் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற உணவைச் சொல்கிறது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பொழுது மட்டும் போதாது, இடமும் சேர வேண்டும் என்பதை அந்த ஒரு டம்ளர் ரசம் முன்னரே சொல்லிவிட்டது.

கீழே இருக்கும் அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் சேலத்தில் கோடைதான் ஆண்டின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. மாசி முடியும்போதே அம்மா ராகி மாவு அரைத்து வந்துவிடுவார். இரவு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைப்பார். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, அது குழையும்போது புளித்த மாவை ஊற்றிக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டுவார். வெந்துவிட்டதா என்று பார்க்க அவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கூழின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். கையில் ஒட்டாவிட்டால் இறக்கலாம். அதை மண் சட்டியில் ஒரு இரவு வைத்திருந்து, காலையில் ஒரு உருண்டை எடுத்து மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால், தறியில் உட்கார்ந்த அப்பாவுக்கு மதியம் வரை பசி எடுக்காது, நாக்கும் வறளாது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ, கிள்ளி வைத்த மாங்காயோ இருக்கும்.

இதில் இருக்கும் அறிவைப் பின்னர் புரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. ஆனால் தானியங்களில் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்பையும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கும். மாவைப் புளிக்க வைக்கும்போது அந்த அமிலம் குறைகிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. "புளிக்காத கூழ் வயித்துல கல்லா நிக்கும்" என்றுதான் சொல்வார். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, ராகியும் கம்பும் அழகான பெட்டிகளில் பிஸ்கட்டாகவும் நூடுல்ஸாகவும் கடைகளில் வரிசை கட்டின. சர்க்கரையும் மைதாவும் சேர்ந்த அந்தப் பெட்டிகளைவிட, கோடையில் சேலத்துச் சாலையோரத் தள்ளுவண்டியில் பானையிலிருந்து மொண்டு ஊற்றும் கம்பங்கூழ் எவ்வளவோ மேலானது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் சுத்தமானதா, குவளையைக் கழுவுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பங்குனியில் வேப்பம்பூ வந்துவிடும். தெருமுனை வேம்பின் அடியில் முதல் நாள் மாலையே பெருக்கி, அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வருவோம். விடிவதற்குள் வேட்டி முழுவதும் பொரி இறைத்தது போல வெள்ளைப் பூ உதிர்ந்திருக்கும். காம்பும் எறும்பும் நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயில் படாமல் ஆற வைத்துப் பிறகு ஒரு வெயில் காட்டி எடுத்தால், கைநிறைய இருந்த பூ ஒரு பிடியாகச் சுண்டிவிடும். புத்தாண்டு அன்று மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் இந்தப் பூ ஏறும், மிச்சம் ரசத்துக்கு. பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, இறக்கிய ரசத்தின் மேல் போட்டு மூட வேண்டும். போட்ட பிறகு கொதிக்க விட்டால் கசப்பு முழுவதும் இறங்கிவிடும், பிள்ளைகள் தொட மாட்டார்கள். பூச்சி சாகும், பித்தம் தணியும் என்று பலரும் பலவாறு சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில், வெயிலில் சோறு இறங்காத நாளில் அந்த இளங்கசப்பு வாயில் நீர் ஊற வைத்து இரண்டு பிடி சோற்றைச் சாப்பிட வைக்கும். அதுவே அந்த மாதத்தில் பெரிய மருந்து.

மாம்பழத்தைச் சொல்லாமல் சேலத்துக் கோடை முடியாது. மல்கோவாவும் இமாம் பசந்தும் வரும்போது வீட்டில் வேறு இனிப்பு எதுவும் செய்வதில்லை. பழத்தை வாங்கியவுடன் அறுக்காமல் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது, காம்படியில் இருக்கும் பால் கழுவப்படுவதற்காக. அந்தப் பால் பட்டால் உதடு புண்ணாகும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நாட்டில் தடை செய்யப்பட்ட செயல், எனினும் ஒவ்வொரு ஆண்டும் அது சந்தைக்கு வருகிறது. தோல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்து, மூக்கருகே வைத்தாலும் மணம் வராமல், அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளிறிப் புளித்தால் அந்தப் பழத்தைச் சந்தேகிக்கலாம். நான் செங்காயாக வாங்கி வைக்கோலில் அடுக்கிவிடுகிறேன். ஐந்தாறு நாளில் வீடே மணக்கும். பருவத்துக்கு முன்பே பழம் வேண்டும் என்ற அவசரத்தை வாங்குகிற நாம் விட்டால், கல்லுக்கு வேலை இருக்காது.

மேலே இருக்கும் அடுப்படி வேறு. வெயில் மாதத்திலும் அங்கே மாலையில் அடுப்பருகே உட்காரத் தோன்றும். ஆடி தொடங்கித் தை வரை மழை, மூடுபனி, குளிர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த வீட்டில் மிளகு கடையில் வாங்கும் பொருள் அல்ல. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிக் கிடக்கும் கொடியிலிருந்து, ஏணி வைத்துப் பறித்து, கையால் உதிர்த்து, முற்றத்தில் பாய் விரித்துக் காய வைப்பது. பச்சையாகச் சில கொத்துகளை எடுத்து எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறப்போட்டால் மழைக்காலம் முழுவதும் தயிர்ச் சோற்றுக்கு அதுவே துணை. காய்ந்த மிளகை வேண்டும்போது மட்டும் பொடிப்பார் அத்தை. பொடித்து டப்பாவில் அடைத்த மிளகின் மணம் சில வாரங்களில் போய்விடும்; முழு மிளகில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஏற்காட்டுச் சாலையோரங்களில் பழுப்பு மயிர் போர்த்த, விரல் தடிமனான வேர் போன்ற ஒன்றைக் கூறு கட்டி விற்பதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். அதுதான் முடவாட்டுக்கால் கிழங்கு. முதல் முறை பார்ப்பவர்களுக்கு உண்மையிலேயே ஆட்டுக்கால் என்றுதான் தோன்றும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. அத்தை அதைச் செய்யும் முறையை எழுதி வைக்க வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். உள்ளங்கை நீளத் துண்டை எடுத்து, மயிரையும் தோலையும் கத்தியின் முதுகால் நன்றாகச் சுரண்டிவிட்டால் உள்ளே வெளிர்பச்சையாக இருக்கும். அதை மெல்லிய வில்லைகளாக அரிந்து, மிளகு, சீரகம், நான்கு பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் ஆகியவற்றுடன் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, நான்கு டம்ளர் தண்ணீர் மூன்றாகும் வரை சிறு தீயில் கொதிக்க விடுவார். தக்காளி ஒன்றும் மஞ்சள் சிட்டிகையும் கடைசியில் சேரும். வடிகட்டி, நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவர் ஆட்டுக்கால் சூப் என்றே சத்தியம் செய்வார்.

முழங்கால் வலி ஓடிவிடும் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். அத்தையின் முழங்கால் வலி அதனால் ஓடவில்லை என்பதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் காப்பிப் பழம் பறித்துவிட்டு நனைந்து வந்து, அந்தச் சூடான மிளகுச் சாற்றைக் குடித்து, போர்வைக்குள் காலை நீட்டிய இரவுகளில் அவர் நன்றாகத் தூங்கினார். அது குறைந்த பலன் அல்ல. ஒரு வேண்டுகோளும் எனக்கு உண்டு: பாறையில் மெதுவாகப் பரவுகிற செடி அது, கைப்பையில் ஐந்து கிலோ அள்ளிக்கொண்டு போகும் பண்டம் அல்ல. இரண்டு வேளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

கார்த்திகைக்குப் பிறகு இரண்டு அடுப்படிகளும் சற்றே நெருங்கி வரும். ஊரிலும் விடியலில் பனி இறங்கும், மொச்சையும் அவரையும் நெல்லிக்காயும் உழவர் சந்தையில் குவியும். கொள்ளை வேகவைத்துக் கடைந்து, அதன் தண்ணீரைப் பிரித்து ரசம் வைப்பது இந்த மாதங்களுக்கே உரியது. தை பிறந்தால் பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து வீட்டில் இருக்கும். அம்மா அந்தக் கிழங்குகளை வீணாக்குவதில்லை. வேகவைத்து, வில்லையாக அரிந்து, பத்துப் பதினைந்து நாள் மொட்டை மாடியில் காய வைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்து வருவார். கடைப் பொடியைப் போல அது கண்ணைப் பறிக்காது, சற்று மங்கலாகவே இருக்கும். நிறத்துக்காக ஈயக் கலவையான லெட் குரோமேட்டைச் சேர்க்கும் மோசடி மஞ்சள் பொடியில் நடக்கிறது என்பதை அறிந்த பிறகு, அந்த மங்கலான நிறத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

மஞ்சளும் மிளகும் எப்போதும் சேர்ந்தே ஏன் வருகின்றன என்று நான் யோசித்ததுண்டு. மஞ்சளின் குர்குமினை உடம்பு மிகக் குறைவாகத்தான் ஏற்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல், 2 கிராம் குர்குமினுடன் மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியதைக் கண்டார்கள். சிலரை மட்டும் கொண்டு செய்த சிறிய ஆய்வு அது. அதைப் பிடித்துக்கொண்டு இன்று மாத்திரைகள் விற்கப்படுகின்றன. அப்படிச் செறிவூட்டிய மாத்திரைகளை விழுங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளும் இரண்டு மிளகும் தட்டிப் போடுவது வேறு, ஒரு கிழங்கின் சாரத்தைப் பல மடங்கு திரட்டி நாள்தோறும் விழுங்குவது வேறு. முதலாவது உணவு. இரண்டாவது மருந்து, அதை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அதிமதுரமும் அப்படித்தான்: இருமலுக்கு நல்லது என்று அத்தை நாள்தோறும் மென்றுகொண்டிருந்தபோது அவருடைய இரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. அது பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தும் என்று மருத்துவர் விளக்கியபின் நிறுத்தினோம்.

இனி எழுதப்போவது எனக்கு எளிதானது அல்ல. 2017 ஐப்பசியில் சேலத்தில் டெங்கு கடுமையாக இருந்தது. என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டில் மருந்துக்கு மரியாதை உண்டு, கஷாயத்துக்கு அதைவிட அதிக மரியாதை. அந்த ஆண்டுகளில் அரசே முகாம் போட்டு நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்த அந்தப் பொடியை வாங்கி வந்து வேளை தவறாமல் கொடுத்தோம். கஞ்சி கொடுத்தோம், நெற்றியில் பற்று போட்டோம். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. அம்மா மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை வேண்டிக்கொண்டார். நான் கஷாயத்தின் பெருமையை உறவினர்களிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவனுக்கு வயிற்றைப் பிசையும் வலி வந்தது, வாந்தி நிற்கவில்லை, கை கால் சில்லிட்டது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதால் அழுத்தம் சரியும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் மருத்துவக் கண்காணிப்பு தேவை. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தான். கஷாயம் அவனைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. கஷாயம் கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகாமல் இருந்தோமே, அந்த நிம்மதிதான் எங்களைக் கெடுத்தது. அவன் தட்டில் இருந்த கஞ்சியும் அரசுக் கஷாயமும் ஒருபுறம் இருக்க, முதல் நாளே ஒரு மருத்துவர் அவனைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் அடுப்படி மாறியிருக்கிறது. சுக்கு இன்னும் இருக்கிறது. "சுக்குக்குப் புற நஞ்சு" என்று சொன்னபடி மேல்தோலைச் சீவிவிட்டுத்தான் இடிக்கிறேன். ஓமவல்லித் தொட்டி சன்னலில் இருக்கிறது. மூக்கடைப்புக்கு அதன் இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிகிறேன். மழை மாதத்தில் தூதுவளைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் வாரம் ஒரு முறை உண்டு. ஆனால் சுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளும் இருக்கின்றன. பாக்கெட் இல்லாத நேரத்துக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற அளவை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உப்பைக் கூட்டினால் அதுவே கேடு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பழக்கத்தையும் வீட்டில் நிறுத்திவிட்டோம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி அந்தப் பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சேர்வராயன் மலையில் எடுத்த சுத்தமான தேன் என்பதால் அது விலகிப் போய்விடாது.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று அம்மா அடிக்கடி சொல்வார். விருந்தாளி அதிக நாள் தங்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது எங்கள் வீட்டில் அதன் பின்பாதிக்குத்தான் வேலை. சளி, இருமல், செரியாமை, மாதவிலக்கு வலி ஆகியவற்றுக்கு அடுப்படி மூன்று நாள் பார்க்கும். அதற்குள் குறையாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுவோம். குழந்தைக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் அந்த மூன்று நாளும் கிடையாது. மழைக்காலக் காய்ச்சல் என்றால் யாராக இருந்தாலும் முதல் நாளே போக வேண்டும்.

போன வாரம் மகளுக்கு உடம்பு சுட்டது. மலையில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். முன்பெல்லாம் அவர் முதலில் கேட்பது "மிளகு ரசம் வெச்சுக் குடுத்தியா?" என்பதாக இருக்கும். இப்போது அவருக்கு 78 வயது, காது சற்று மந்தம், குரல் மட்டும் உரத்திருக்கிறது. "இன்னைக்கு எத்தனாவது நாளு? ரத்தம் பாத்தாச்சா?" என்று கேட்டார். பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப சரி, பத்து மிளகு தட்டிப் போடு" என்றார்.